ஒன்பது வருஷத்து நாற்காலி

ராஜ்கோட்,
24-9-61

அமராவதிக்கு,

ஒருவழியாக வந்து சேர்ந்தேன். ஐந்து நாள் ரயில். மெட்ராஸ், பம்பாய், அப்புறம் பெயர் வாயில் நுழையாத சின்ன ஸ்டேஷன்கள். உடம்பில் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கிறது. இந்தக் குஜராத்தைப் போன வருஷம்தான் தனி ராஜ்யமாகப் பிரித்தார்களாம். ஆபீஸ் போர்டுகளில் பெயிண்ட் இன்னும் பளபளக்கிறது. சென்ட்ரல் சர்க்கார் வேலை என்றாலும், என்னைத் தூக்கி எறிய இதைவிடத் தூரமான இடம் நம் மேலதிகாரிக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இங்கே ஆம்பிளைகளின் சட்டையைப் பார்த்தால் நீ சிரிப்பாய். மார்புக்கு மேலே சுருக்கு வைத்து, நம் ஊரில் ஒரு வயசுப் பெண் குழந்தைக்குப் போடுகிற கவுன் மாதிரி. காதில் தங்கக் கடுக்கன். மீசையைப் பார்த்தால் மட்டும் பயமாக இருக்கிறது. ஒட்டகம் வண்டி இழுக்கிறது. டீயைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சுகிறார்கள். கப் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பருப்பில் வெல்லம் போடுகிறார்கள் அமராவதி, வெல்லம்! ஊருக்கு ஊர் நடுவில் கம்பத்தின் மேல் சின்ன மண்டபம் ஒன்று நிற்கிறது. சாமி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புறாவுக்குத் தானியம் போடுகிற இடமாம். புறாவுக்கு இருக்கிற மரியாதை இங்கே எனக்கு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மெட்ராஸில் இறங்கி ஹெட் கிளார்க் ராமாமிர்தத்தைப் பார்த்தேன். என் ஃபைலில் இருந்த மொட்டைப் பெட்டிஷனை எனக்காக ஒரு தாளில் காப்பி எடுத்துக் கொடுத்தார். நீயும் படி:

“ஐயா, கடலூரில் நிலக்கடலைத் தரம் பார்க்கிற மல்லாட்டை இன்ஸ்பெக்டர் தட்சிணாமூர்த்தி ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் இருக்கிறார். சர்க்கார் விதி மூன்று வருஷம். மிச்சம் ஆறு வருஷம் யாருக்குச் சேர வேண்டியது? அவரைத் தூரமாக அனுப்பினால் அவருக்கும் நாலு இடம் பார்த்த மாதிரி இருக்கும். கடலூருக்கும் கொஞ்சம் காற்று வரும்.”

மேலே பிள்ளையார் சுழி வேறு! லஞ்சம் வாங்கினான் என்று எழுதியிருந்தால் இல்லையென்று நிரூபித்திருப்பேன். ஒரு பொய்கூட இல்லாத பெட்டிஷனுக்கு என்ன பதில் சொல்வது? அந்த ராஸ்கல் யாரென்று தெரிந்தாக வேண்டும். அவனை ஆயுசுக்கும் மறக்க முடியாதபடி செய்யாமல் விடமாட்டேன். ஆபீசில் எனக்கு இரண்டு பேர் மேல் சந்தேகம். ஒன்று, டைப்பிஸ்ட் ரஃபியுதீன். இன்னொன்று, என்கீழ் சாம்பிள் எடுக்கிற தங்கராசு. நாலு பேர் காதில் போடாமல் விசாரித்து எழுது. நீ வாசலைத் தாண்டி எங்கும் போகவேண்டாம். கதவை ஆறு மணிக்கே சாத்திவிடு.

தட்சிணாமூர்த்தி


மஞ்சக்குப்பம்,
4-10-61

மாமா அவர்களுக்கு அமராவதி எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ஒட்டகத்தைப் படித்துச் சிரித்தேன், பெட்டிஷனைப் படித்து வருத்தப்பட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எதற்கு, இரண்டுக்கும் சிரித்தேன். “கடலூருக்குக் காற்று வரும்” என்றதைப் படித்தபோது புரை ஏறிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

விசாரிக்கச் சொல்கிறீர்கள். வாசலைத் தாண்டாதே என்றும் சொல்கிறீர்கள். இரண்டில் எதைச் செய்ய? கூடத்தில் உட்கார்ந்தபடியே என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். ரஃபியுதீன் பாய் மேல் எதற்குச் சந்தேகம்? அவர் 786 போடாமல் பால்காரனுக்குச் சீட்டுக்கூட எழுதமாட்டார். அவரா பிள்ளையார் சுழி போட்டுப் பெட்டிஷன் எழுதப்போகிறார்? ஒன்பது வருஷம் எதிர்மேஜையில் உட்கார்ந்திருந்தும் அந்த மனுஷனைப் பற்றி இது உங்களுக்குத் தெரியவில்லையே மாமா.

தங்கராசு உங்கள் குடையைக் கொடுக்க வந்திருந்தார். ஆபீசில் மறந்து வைத்துவிட்டுப் போனீர்களாமே. இப்போது உங்கள் இடத்தில் அவர்தான் உட்காருகிறார். “தற்காலிகமாத்தாங்க அக்கா, தற்காலிகமாத்தான்” என்று மூன்று தடவை சொன்னார். நாற்காலியின் முதுகில் உங்கள் தலை எண்ணெய் வட்டமாகப் படிந்திருக்கிறதாம். சோடா போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம். அவர் மனைவி இருசம்மாளுக்கு இது ஆறாம் மாதம்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. எழுதினவர் யாரோ, உங்கள்மேல் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்புறம் எதற்கு இத்தனை ஆத்திரம்? ஒருவருக்குச் சேர வேண்டியதை இன்னொருவர் வைத்துக்கொண்டிருந்தால் கேட்கத்தானே செய்வார்கள்?

பருப்பில் வெல்லம் உங்களுக்கு நல்லதுதான். வாயில் கொஞ்சம் இனிப்பு வரட்டும்.

அமராவதி


கோண்டல்,
15-10-61

அமராவதிக்கு,

உன் கடிதத்தில் கிண்டல் ஜாஸ்தியாக இருந்தது. புருஷன் ஆயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் கிடக்கிறான் என்று துளிர் விட்டுப்போயிற்று. இருந்தாலும் ரஃபியுதீன் விஷயத்தில் நீ சொன்னது சரி. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அப்படியானால் மிச்சம் ஒருத்தன்தான். என் நாற்காலியில் எவன் உட்கார்ந்திருக்கிறானோ அவன்தான் எழுதினான். இதற்கு ஒரு சி.ஐ.டி. வேண்டுமா?

இங்கே மார்க்கெட்டில் மல்லாட்டை மலைமலையாய்க் குவிந்து கிடக்கிறது. பண்ருட்டியும் விருத்தாசலமும் சேர்ந்தாலும் கால்வாசி வராது. தோலுக்குள் பயறு பெரிசு, எண்ணெய் கம்மி. யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேரும் ஒரு துணிக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே பேரம் முடிக்கிறார்கள். மேலே பார்த்தால் இரண்டு முகமும் சிரித்துக்கொண்டிருக்கும். நம் மங்கலம்பேட்டை மாட்டுத் தரகர்கள் ஞாபகம் வந்தது.

நானும் துணிக்கு அடியில் கையை விட்டுவிட்டேன். மேலதிகாரிக்கு ‘கான்பிடென்ஷியல்’ என்று போட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். தங்கராசு கேம்புக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்தே மல்லாட்டையில் எவ்வளவு ஈரம் என்று ஈரக்கணக்கு எழுதுகிறான், சாம்பிள் மூட்டையை மாற்றுகிறான், வியாபாரிகளோடு சேர்ந்துகொண்டான். இதெல்லாம் நிஜமா என்று நீ கேட்கவேண்டாம். அவன் என்னை நிஜத்தை வைத்து அடித்தான், நான் அவனை இதை வைத்து அடிக்கிறேன். அந்த நாற்காலி அவனுக்குக் குத்தட்டும்.

நான் தங்கியிருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். சுவர் முழுக்கப் பித்தளைப் பாத்திரம் உத்தரம் வரை அடுக்கியிருக்கிறார்கள். வாசற்படிக்கு மேலே கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்த துணித் தோரணம். கூடத்தில் ஊஞ்சல். அந்த வீட்டு அம்மாள் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூட டீச்சர். காலையில் புருஷன்காரன் ரொட்டி சுட்டு டப்பாவில் கட்டி, அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போகிறான்! பெரிய மீசை வேறு. சாயந்தரம் இரண்டு பேரும் ஊஞ்சலில் உட்கார்ந்து சாஸரில் டீ குடிக்கிறார்கள். என்ன ஆம்பிளையோ. ஆனாலும் பார்ப்பதற்கு நன்றாய்த்தான் இருக்கிறது.

தங்கராசுக்கு மெமோ வந்ததா என்று கவனித்து உடனே எழுது.

தட்சிணாமூர்த்தி


மஞ்சக்குப்பம்,
9-11-61

மாமா அவர்களுக்கு,

மெமோ வந்துவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. விசாரணை முடிகிறவரைக்கும் தங்கராசு வேலைக்கு வரக்கூடாதாம். உங்களுக்குச் சந்தோஷம்தானே?

நேற்று இருசம்மாள் வந்தாள். ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். “அக்கா, அவுரு ஒரு மல்லாட்டைகூட வூட்டுக்கு எடுத்தாந்ததில்ல அக்கா. சாமி சத்தியமா இல்ல. எவன் எழுதினான்னு தெரியல. அண்ணன் இருந்தா நாலு வார்த்தை நல்லதா எழுதிப் போட்டிருப்பாரு. ஒங்க வூட்டுக்காரருக்கு ஒரு லெட்டர் போடுங்கக்கா” என்றாள். அண்ணன் என்றது உங்களைத்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காபி கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

மாமா, அவர் எழுதவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தவறான தகவல் கிடைத்தது, விசாரித்ததில் தங்கராசு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.

உங்கள் டீச்சர் வீட்டுக் கதையை நாலு தடவை படித்தேன். பஸ் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்ற இடத்தில் கண் நின்றுபோகிறது. அதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இதைச் செய்யுங்கள்.

அமராவதி


ஜூனாகட்,
17-11-61

அமராவதிக்கு,

இந்த ஊரில் ஒரு மலை இருக்கிறது. உச்சிக்குப் போக ஆயிரக்கணக்கில் படி. கிழவிகளை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கொஞ்ச தூரம் தள்ளிக் காடு, அதில் நிஜச் சிங்கம் உலாவுகிறதாம். காக்காய் மாதிரி மயில். இதையெல்லாம் விவரமாக எழுத உட்கார்ந்தபோதுதான் உன் கடிதம் ராஜ்கோட் சுற்றி என் கைக்கு வந்தது. எழுதுகிற ஆசையே போய்விட்டது.

“அவர் எழுதவில்லை.” எப்படித் தெரியும் உனக்கு? அவன் பெண்டாட்டி அழுதால் அவன் யோக்கியனா? அப்படி அடித்துச் சொல்கிறாயென்றால் எழுதினவன் யாரென்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னை இத்தனை நாளாய் இருட்டில் கை துழாவ விட்டிருக்கிறாய். உள்ளூர்க்காரனா? உன் பிறந்த வீட்டு ஆளா?

பெயரைச் சொல். பெயர் கையில் வருகிறவரை தங்கராசு மேல் எழுதினதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றமாட்டேன். பெண்டாட்டி பிள்ளை பெறுகிறவரைக்கும் அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கட்டும்.

தட்சிணாமூர்த்தி


மஞ்சக்குப்பம்,
25-11-61

மாமா அவர்களுக்கு,

பெயர் கேட்டீர்கள். அமராவதி. உங்கள் மனைவி. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிஷனை நான்தான் எழுதினேன். நீங்கள் விருத்தாசலம் கேம்ப் போயிருந்த செவ்வாய்க்கிழமை, கூடத்தில் உட்கார்ந்து, உங்கள் பேனாவாலேயே எழுதினேன். பிள்ளையார் சுழி கைப்பழக்கத்தில் விழுந்துவிட்டது. மொட்டைக் கடிதத்துக்குச் சுழி எதற்கு என்று அப்புறம்தான் உறைத்தது. போட்ட சுழியை அழிக்க மனசு வரவில்லை. பொய் எதுவும் எழுதக்கூடாது என்று மட்டும் உறுதியாக இருந்தேன்.

எதற்கு எழுதினேன் என்று கேட்பீர்கள். போன ஆடி மாதம் உங்கள் பீரோவில் ரேஷன் கார்டு தேடினேன். மல்லாட்டை ஈரக்கணக்கு நோட்டுகளுக்கு அடியில் ஒரு ரிஜிஸ்தர் கவர் கிடந்தது. என் பெயருக்கு வந்தது. 1958 ஜூன் மாதத்து ஜில்லா போர்டு ஆர்டர். குமராட்சிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை, பதினைந்து நாளைக்குள் வந்து சேரவேண்டும் என்று போட்டிருந்தது. மாமா, மூன்று வருஷம் அது அங்கே கிடந்திருக்கிறது! நான் தினமும் துடைக்கிற பீரோவில்!

தபால்காரர் பொன்னுரங்கத்தைக் கேட்டேன். “ஊட்டுக்காரர்தாம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினாரு. புருஷன் பொஞ்சாதிக்குள்ள இன்னா, யாரு கையில குடுத்தா இன்னான்னு குடுத்துட்டேன்” என்றார். அவர்மேல் தப்பு இல்லை. ஊரெல்லாம் அப்படித்தான் நடக்கிறது.

அந்த ஜூன் மாதம் எனக்கு மறக்கவில்லை. தினமும் தபால் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பேன். என்னோடு டிரெய்னிங் படித்தவர்களுக்கெல்லாம் ஆர்டர் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை என்று உங்களிடம்தான் அழுதேன். “ஒனக்கு மார்க்கு பத்தல அமரா, அவ்ளோதான்” என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்தீர்கள். சாயந்தரம் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மூன்று வருஷமாக நான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் மாமா. அதைத்தான் என்னால் மன்னிக்கமுடியவில்லை. வேலையைக் கெடுத்ததைக்கூட விட்டுவிடுவேன், என்னையே நான் மட்டமாக நினைக்கும்படி செய்தீர்களே, அதை விடமாட்டேன்.

உங்களை அடிக்க எனக்குக் கை இல்லை. கேட்டால் கத்துவீர்கள். அதனால் நாற்காலியைப் பிடுங்கினேன். வீட்டை விட்டுத் தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், நமக்குச் சேர வேண்டியதை யாரோ பறித்துக்கொண்டான் என்று நீங்கள் ராத்திரி பகல் புகையவேண்டும் என்று நினைத்தேன். புகைந்தீர்கள். ஒவ்வொரு கடிதமும் படிக்கப் படிக்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. மறைக்கவில்லை.

ஆனால் நீங்கள் தங்கராசு மேல் பாய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அது என் புத்திக் குறைவு. உங்களைத் தெரிந்தும் யோசிக்காமல் போனேன். அதற்கு நான்தான் பொறுப்பு, அதனால் நானே முடிக்கிறேன். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் உங்கள் புகாரைத் திரும்ப வாங்கினதாக ராமாமிர்தம் எனக்கு ஒரு வரி எழுதவேண்டும். எழுதாவிட்டால், பதினோராம் தேதி நானே மேலதிகாரிக்கு எழுதுவேன். இந்தத் தடவை மொட்டையாக இல்லை. இன்னாருடைய மனைவி, இன்ன காரணத்துக்காக, இப்படி ஒரு பெட்டிஷன் போட்டேன் என்று கையெழுத்தோடு எழுதுவேன். அதை ரஃபியுதீன் பாய்தான் டைப் அடிப்பார். ஆபீஸ் முழுக்கப் படிக்கும்.

இன்னொரு சேதி. நீங்கள் ரயில் ஏறின மறுவாரமே நான் திரும்ப மனுப் போட்டேன். இப்போது பஞ்சாயத்து யூனியனில் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். குமராட்சியேதான். டிசம்பர் ஒன்றாம் தேதி சேருகிறேன். சிதம்பரத்தில் சின்னம்மா பெண் வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். இங்கே வீட்டைப் பூட்டுகிறேன். சனி ஞாயிறு வந்து பெருக்கி விளக்கேற்றுவேன். ஆறு மணிக்குக் கதவைச் சாத்தச் சொன்னீர்கள், இனிமேல் வாரம் முழுக்கச் சாத்தியிருக்கும்.

அமராவதி


தலாலா,
4-12-61

அமராவதிக்கு,

நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்தேன். முதலாவதில் இருந்த வார்த்தைகளை நீ படித்திருந்தால் இந்த ஜன்மத்தில் என் முகத்தில் விழித்திருக்கமாட்டாய்.

என் பேனாவாலேயே எழுதினாயா! நான் இங்கே பாஷை தெரியாத சனத்துக்கு நடுவில், தங்கராசு தங்கராசு என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். மெட்ராஸில் ராமாமிர்தம் காப்பியை நீட்டும்போது, “எழுதினது ஆரா இருந்தாலும் விஷயம் தெரிஞ்ச கை சார்” என்றார். அந்தக் கைக்கு வளையல் வாங்கிப் போட்டது நான்.

சரி. புகாரைத் திரும்ப வாங்கிவிட்டேன். தவறான தகவல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்று காலை ரிஜிஸ்தர் செய்தாயிற்று. எனக்குக் கண்டனம் ஒன்று வரும், பரவாயில்லை. நீ ஒரு வரியும் யாருக்கும் எழுதவேண்டாம். பெண்டாட்டி பெட்டிஷன் போட்டு ஊரை விட்டு அனுப்பினாள் என்று கடலூரில் தெரிந்தால் நான் மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டி நடக்கமுடியாது.

ஆர்டரை மறைத்தது தப்புதான். ஆனால் நீயும் என் பக்கம் யோசிக்கவேண்டும். தினமும் பஸ் ஏறிக் குமராட்சிக்குப் போய், வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, நாலு பேர் நாலு விதமாய்ப் பேசி… எல்லாம் எதற்கு என்று நினைத்தேன். உன் நல்லதுக்குத்தான் செய்தேன். இப்போது நீயும் பழி வாங்கியாயிற்று. சரிக்குச் சரி. இதோடு விட்டுவிடலாம்.

கடலூருக்கே திரும்பப் போடும்படி மனு அனுப்பியிருக்கிறேன். ராமாமிர்தம் முடித்துத் தருகிறேன் என்கிறார். நான் மூன்று நாளுக்கு ஒரு ஊராக மாறிக்கொண்டிருக்கிறேன், ராஜ்கோட்டில் கால் வைப்பதே மாதம் ஒரு முறை. அதனால் ஆர்டரை மஞ்சக்குப்பம் வீட்டு விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை நீ வரும்போது பொன்னுரங்கம் வழக்கம் போல உன்னிடம் கொடுப்பார். வாங்கின உடனே ‘ஆர்டர் வந்தது’ என்று கோண்டல் டீச்சர் வீட்டு விலாசத்துக்குத் தந்தி அடி. அவர்கள் நான் எங்கேயிருந்தாலும் ஆள் விட்டுச் சொல்லிவிடுவார்கள். சேருவதற்கு நாள் கம்மியாகக் கொடுப்பார்கள், ரயிலே ஐந்து நாள். தாமதம் பண்ணாதே. இந்தத் தடவை விட்டால் மூன்று வருஷத்துக்கு இந்தப் பக்கம்தான் என்று ராமாமிர்தம் சொல்லிவிட்டார்.

நான் வந்ததும் நீ அந்த வேலையை விட்டுவிடலாம். அதுவரை பொழுதுபோக்குக்குப் போய்வா, நான் ஒன்றும் சொல்லவில்லை.

தட்சிணாமூர்த்தி


சிதம்பரம்,
13-1-62

மாமா அவர்களுக்கு,

ராமாமிர்தம் எழுதின வரி வந்தது. தங்கராசு டிசம்பர் பதினாலாம் தேதி திரும்ப வேலையில் சேர்ந்தார். இருசம்மாளுக்குப் போன திங்கட்கிழமை பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள். நீங்கள் நல்லபடியாக ஒரு கடிதம் எழுதித்தான் வேலை திரும்பக் கிடைத்தது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில், தேரடியில் நின்றுகொண்டு படித்தேன். இடிபட்டுக்கொண்டே படித்தேன். “உன் நல்லதுக்குத்தான் செய்தேன்” என்ற இடம் வரைக்கும் உங்கள்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. தந்தி அடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியம். அப்புறம் கடைசி நாலு வரி. பொழுதுபோக்குக்கு! என் வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள் மாமா. பாதிப் பேர் நடவு வேலைக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குமேல் சேற்றுக்காலோடு வருகிறார்கள். கார்த்திகையில் கொள்ளிடம் பெருகிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் முழங்கால் உயரம் கறை. நான் அங்கே பொழுதுபோக்கவில்லை.

உங்கள் ஆர்டர் வந்தது. டிசம்பர் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, நான் மஞ்சக்குப்பம் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் கொண்டுவந்தார். “போடுங்கம்மா கையெழுத்து, ஊட்டுக்காரருக்குத்தானே” என்றார். போட்டேன். நிதானமாக, முழுப்பெயரும் எழுதினேன்.

பிரித்தும் படித்தேன். நீங்கள் என்னுடையதைப் பிரித்திருந்தீர்களே, அதனால். உங்களைக் கடலூருக்கே போட்டிருக்கிறார்கள். பழைய நாற்காலிதான். ஜனவரி பதினேழாம் தேதி காலை பத்து மணிக்குள் வந்து சேராவிட்டால் ஆர்டர் ரத்து, தங்கராசு அதே இடத்தில் நிரந்தரம் என்று போட்டிருக்கிறது.

இன்றைக்குப் போகி. தந்தி அடிக்கவில்லை. பதினைந்து நாளும் தினம் தபாலாபீஸ் வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனேன். இரண்டு தடவை படி ஏறி இறங்கினேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது இருபதோ இருபத்தொன்றோ ஆகியிருக்கும். நான் எண்ணித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். மார்க்குப் பத்தாதவள் என்றாலும் இந்த அளவுக்கு எண்ண வரும்.

ஆர்டரை உங்கள் பீரோவிலேயே வைத்துவிட்டேன். அங்கே வைத்தால் மூன்று வருஷம் பத்திரமாக இருக்கும் என்று தெரியும்.

என்னைத் திட்டி எழுதுவதானால் எழுதுங்கள், படிக்கிறேன். மூன்று வருஷம் கழித்து வருவதானால் வாருங்கள். கதவைத் திறந்துவிடுவேன், சோறும் போடுவேன். வேலையை மட்டும் விடமாட்டேன். சிதம்பரம் தபாலாபீசில் எழுதியே கொடுத்துவிட்டேன்: அமராவதி டீச்சர் பெயருக்கு வருகிற எந்தத் தபாலையும், என் கையில் தவிர, புருஷன் என்று யார் வந்து நின்றாலும் கொடுக்கக்கூடாது.

அமராவதி